ஏழாவது வரி

அரசாங்க ஊழியரின் மனதைச் சந்தோஷப்படுத்தச் சட்டம் போட்டவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் நேரில் போய் நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்பேன். ஆனால் அந்தச் சட்டம் கல்முனையில் எங்கள் காரியாலயத்துக்கு வந்து என்ன செய்தது என்பது நன்றாகத் தெரியும். அதில் என் கையும் இருக்கிறது.

எனக்கு அடுத்த மேசையில், அக்கா முறையில் நான் ராத்தா என்று கூப்பிடும் ஒருவர் இருந்தார். பொத்துவிலிலிருந்து விடியற்காலையில் பஸ் ஏறுவார். இரண்டு மணித்தியாலப் பயணம். கணவர் கட்டாரில் வேலை. பத்து வயது மகளுக்கு வலிப்பு வரும். வந்தால் பள்ளிக்கூடத்திலிருந்து போன் கோல் வரும். பிள்ளை அங்கே கிடக்க, தாய் இங்கே பஸ்ஸுக்குக் காத்து நிற்பார். பொத்துவில் கிளையில் ஓர் இடம் காலியாகக் கிடந்தது. அதற்கு இடமாற்றம் கேட்டு எழுதிப் போட்டிருந்தார். அது கிடைத்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்பார்.

சட்டப்படி ஒவ்வொரு காரியாலயமும் ஊழியர் மகிழ்ச்சி நாள் நடத்த வேண்டுமாம். எல்லாரும் ஒரு படிவத்தில் கையெழுத்தும் வைக்க வேண்டுமாம். படிவம் வழக்கம்போலச் சிங்களத்தில் மட்டும் வந்தது. தமிழில் பிறகு அனுப்புவார்களாம். இந்தப் ‘பிறகு’வைக் கேட்டுக் கேட்டே எனக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது.

மகிழ்ச்சி நாளன்று பகல் சவன் சாப்பாடு. ஆறு பேருக்கு ஒரு பெரிய தட்டு. ஆறாவது ஆள் வந்து உட்காரும்வரை யாரும் சோற்றில் கை வைக்க மாட்டார்கள். எங்கள் மேலதிகாரி படிவக் கட்டை என்னிடம் தந்தார்.

"கெதியா எல்லாருட்டயும் சைன் எடுங்க, சோறு ஆறுது."

பெண்கள் பக்கம் ஐந்து பேர் கை கழுவி உட்கார்ந்துவிட்டார்கள். ராத்தா மட்டும் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, இதுல என்னதான் எழுதிரிக்கி?"

"வந்ததுக்கு சைன் ராத்தா. போட்டுட்டு வாங்க, அவங்க பாத்துக்கிட்டு இரிக்காங்க."

போட்டார். நானோ சிங்களப் பரீட்சை பாஸ் பண்ணியவன். சான்றிதழ் என் கோப்பில் இருக்கிறது. இரண்டு நிமிடம் எழுத்துக் கூட்டியிருந்தால் விளங்கியிருக்கும். பசி. கறி வாசம். நினைத்தால் என்னையே செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது.

மூன்று மாதம் கழித்து ராத்தாவின் விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. இடமாற்றம் இல்லை. தற்போதைய இடத்தில் திருப்தியுடன் இருப்பதாகவும் இடமாற்றம் தேவையில்லை என்றும் விண்ணப்பதாரியே கையொப்பமிட்டிருக்கிறாராம். படிவத்தின் பிரதியைத் தேடி எடுத்தேன். ஏழாவது வரியில் அப்படியே இருந்தது.

மேலதிகாரியின் அறைக்குப் போய்க் கத்தினேன்.

"எனக்கும்தான் தெரியா. நானும்தான் சைன் வெச்ச நான்," என்றார். "மேல எழுதிப் பாப்பம்."

எழுதினோம். சட்டத்தின் கீழ் வைத்த கையொப்பத்தை மாற்ற முடியாது என்று பதில் வந்தது, அதுவும் சிங்களத்தில். அதை மட்டும் வரிவரியாகப் படித்தேன். அதே வாரம், ஊழியர்கள் நூறு வீதம் திருப்தியாக இருக்கும் காரியாலயம் என்று எங்களுக்கு ஒரு பாராட்டுப் பத்திரமும் வந்தது. வாசலில் மாட்டினார்கள்.

பிறகொரு நாள் பிள்ளை பள்ளிக்கூடப் படியில் வலிப்பு வந்து விழுந்தது. ராத்தா போய்ச் சேரும்போது தலையில் தையல் போட்டு முடிந்திருந்தது.

அடுத்த கிழமை ராத்தா வந்து என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். பதினான்கு வருடச் சேவையை விட்டுப் போகிறேன் என்றார். இராஜினாமாக் கடிதத்தை என்னையே எழுதச் சொன்னார். எழுதிக்கொண்டு வந்து ஓரிடத்தில் பேனை நின்றது.

"காரணம் என்னெண்டு எழுத ராத்தா?"

"திருப்தி எண்டு எழுதுங்க தம்பி," என்றார். "அதுக்குத்தானே என்னட்ட சைன் வாங்கின நீங்க."