ஆணி அடிக்கக் கூடாத வீட்டில் நாலு கதவுகள்

மைசூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சமையலறையில் சுவரோடு சேர்த்துக் கட்டிய ஓர் அலமாரி இருந்தது. அதற்கு நாலு கதவுகள். நாலும் வெறும் பலகை. ஒரு கோடு கிடையாது, ஒரு வளைவு கிடையாது, ஒரு பூ கிடையாது. ஆசாரி பலகையை அறுத்தான், மாட்டினான், கூலியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினான் என்பது பார்த்தாலே தெரியும். குடிவந்த நாளிலிருந்து நான் அந்தக் கதவுகளின் மூஞ்சியில்தான் விழித்துக்கொண்டிருந்தேன். கணவர் முகத்தைப் பார்த்த நேரம் அதில் கால்வாசி இருக்காது.

வீடு எங்களுடையதல்ல, மாடியில் இருந்த ஐயங்கார் அம்மாளுடையது. மேல்கோட்டைப் பூர்வீகம். கணவர் இல்லை, பிள்ளைகள் பம்பாயில். அவளுடைய தம்பி என் கணவருக்கு ஆபீஸில் மேலதிகாரி, அவர் சொல்லித்தான் கீழ்வீடு எங்களுக்குக் கிடைத்தது. இல்லாவிட்டால் கொள்ளேகாலத்து விவசாயி வீட்டுப் பெண்ணை, கறி தின்கிற ஜாதியை, அவள் வாசலில்கூட நிறுத்தியிருக்க மாட்டாள். குடிவந்த அன்றே மாடிப்படியில் நின்றபடி நிபந்தனையைச் சொல்லிவிட்டாள்.

"ஆத்துல மாமிசம் கூடாது. எங்கேயும் ஒரு ஆணி அடிக்கக் கூடாது. ரெண்டுல எது நடந்தாலும் அன்னிக்கே காலி பண்ணிடணும், ஆயிதா?"

ஆயிற்று என்று தலையை ஆட்டினோம். வேறு என்ன செய்வது? அப்போது சண்டைக் காலம். சென்னையில் குண்டு விழும் என்று பயந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு மைசூரில் வந்து இறங்கியிருந்தார்கள். மாட்டுக்கொட்டகை காலி என்றால்கூட வாடகைக்கு ஆள் நின்றது. இந்த வீடு போனால் அவர் நாலு பேரோடு ஒரு அறையில் போய் ஒண்டிக்கொள்வார், நான் குண்டலுபேட்டையில் மாமியார் வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே மூன்று ஓரகத்திகள், ஒரே அடுப்பு. கல்யாணமான புதிதில் மூன்று மாதம் அங்கே இருந்து பார்த்தேன். உப்பு எவ்வளவு போடுவது என்பதற்குக்கூட ஒரு பஞ்சாயத்து கூடும். எனக்கென்று ஒரு சமையலறை இருக்கிறது என்பதற்காகவே நான் மேல்கோட்டை அம்மாளுக்கு மட்டுமல்ல, யாருக்கு வேண்டுமானாலும் தலையை ஆட்டியிருப்பேன்.

ஆணி விஷயம் எனக்குச் சிரமமில்லை. கறி விஷயம்தான் சிரமம். ஆண்களுக்கு அந்தக் கவலையும் இல்லை. என் கணவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் மார்க்கெட் பக்கம் ஒரு மிலிட்டரி ஹோட்டலில் ஆட்டுக்கறிப் புலாவை ஒரு கை பார்த்துவிட்டு, வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, ஆஞ்சநேயர் கோவிலுக்குப் போய் வந்தவர் மாதிரி உள்ளே நுழைவார். பெண்பிள்ளை மிலிட்டரி ஹோட்டலில் போய் உட்கார முடியுமா? இரண்டு வருஷமாக நான் கறி வாசனை பிடித்தது அவர் சட்டையில் மட்டும்தான். அதையும் நானே துவைக்க வேண்டும். எனக்கு எரிச்சல் வராமல் இருக்குமா?

தசரா வரப்போகிறதென்றால் மைசூரில் எல்லாவற்றுக்கும் புதுச்சட்டை. அரண்மனைக்கு விளக்கு, யானைக்கு முகத்தில் சித்திரம், வீட்டுக்குச் சுண்ணாம்பு, ஜட்கா வண்டிக்குக்கூடப் பெயின்ட். என் அலமாரிக்கு மட்டும் ஒன்றுமில்லை. அந்த வருஷம் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தெருமுனை ஜட்காக்காரர் வண்டிக்கு அடித்து மிச்சமான பச்சையை ஒரு தகர டப்பாவில் கொடுத்தார். சாமி படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் அறுத்துத் தள்ளிய துண்டுச் சட்டங்கள் ஒரு கூடை கிடந்தன, கேட்டேன், அள்ளிக்கொண்டு போகச் சொன்னார்கள். தங்கப் பூச்சு உள்ளது, கொடி ஓடியது, மணி மணியாகச் செதுக்கியது என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத துண்டுகள். கதவு ஒவ்வொன்றிலும் நாலு பக்கமும் இதை ஒட்டி, நடுவில் பச்சை அடித்தால் மொட்டைப் பலகை மாளிகைக் கதவாகிவிடும் என்பது என் கணக்கு.

ஒட்டுவதற்கு வஜ்ஜிரம். ஆணி கூடாதென்றால் வேறு வழி? என் கல்யாணக் கட்டிலை எங்கள் வீட்டுக் களத்தில்தான் செய்தார்கள். அப்போது ஆசாரி வஜ்ஜிரம் காய்ச்சியதைப் பார்த்திருக்கிறேன். மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பிசின் அது, பார்ப்பதற்குப் பழுப்பாக வெல்லத்துண்டு மாதிரி இருக்கும். ஊறவைத்து, கொதிக்கிற தண்ணீருக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து அதில் உருக்க வேண்டும். சூடாக இருக்கும்போதே தடவிவிட வேண்டும், ஆறினால் ஒட்டாது. அன்றைக்கு எங்கள் நாய் அந்தப் பானையை விட்டு ஒரு நிமிஷம் நகரவில்லை. அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை கணவரைப் பிடித்துக் கதவுகளைக் கழற்றச் சொன்னேன். அவர் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு மாடியை அண்ணாந்து பார்த்தார்.

"பேடா, வேண்டாம், அந்தம்மா பார்த்தா கதை முடிஞ்சுது. திருகாணியும் ஆணிதானே?"

"அடிக்கத்தானுங்க கூடாதுன்னாங்க. கழட்டக் கூடாதுன்னு சொல்லலையே. கழட்டுங்க."

கழற்றினார். நாலு கதவையும் தரையில் படுக்கவைத்துவிட்டு, தன் ஞாயிற்றுக்கிழமை யாத்திரைக்குக் கிளம்பிவிட்டார். நான் எண்ணெய்ப் பிசுக்கைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன், காய்ந்ததும் உப்புத்தாளால் இழைத்தேன், துண்டுகளை அளவு பார்த்து அடுக்கினேன். வஜ்ஜிரத்தை அடுப்பில் ஏற்றினேன்.

நாற்றம் மெதுவாக வரவில்லை, திபுதிபுவென்று வந்தது. ஆட்டுக்கால் சூப்பும் செருப்புக்கடையும் ஒன்றாகக் கலந்த வாசனை. ஜன்னலைத் திறந்தேன். அதுதான் தப்பு. ஜன்னலுக்கு நேர் மேலே அம்மாள் பெருமாளுக்குச் சமைக்கிற தளிகை அறை. நான் இரண்டு கதவுக்கு ஒட்டி முடித்து, மேலே அம்மிக் குழவியையும் தோசைக்கல்லையும் பாரம் வைத்துக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. அவள் கீழ்வீட்டுப் பக்கம் வந்ததே கிடையாது. நானும் மாடிப்படியின் கடைசிப் படியைத் தாண்டியது கிடையாது. கோகுலாஷ்டமிக்குச் சீடை கொடுக்கும்போதுகூட அங்கேயே நிறுத்தித்தான் போடுவாள்.

மூக்கில் தலைப்பை வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"என்னடி காயறது அடுப்புல? நேக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? பெருமாளுக்குத் தளிகை பண்ற நேரத்துல மாமிசம்! இன்னிக்கே, இப்பவே சாமானைக் கட்டு!"

குண்டலுபேட்டை அடுப்பும் மூன்று ஓரகத்திகளும் கண்முன் வந்து நின்றார்கள். கூடவே கோபமும் வந்தது. இரண்டு வருஷம் நாக்கைக் கட்டிப்போட்டவள் நான். ஒரு துண்டு தின்றிருந்தாலாவது இந்தத் திட்டை மனசார வாங்கியிருப்பேன்.

சரியாக அந்த நேரம் பார்த்து என் கணவர் வெற்றிலை வாயோடு உள்ளே வந்தார். தரையில் கதவுகள், வாசலில் அம்மாள், காதில் மாமிசம் என்கிற வார்த்தை. தன் குட்டுதான் உடைந்துவிட்டது என்று மனுஷன் முடிவு கட்டிவிட்டார். கையைக் கூப்பிக்கொண்டு, "தப்பாயிருச்சும்மா, இனிமே அந்த ஹோட்டல்..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் வெற்றிலையை விழுங்கிவிட்டார். அவர் சட்டையில் புலாவ் வாசனை கமகமவென்று இருந்திருக்கும். புண்ணியத்துக்கு வஜ்ஜிரம் அதை அமுக்கிவிட்டது.

பானையைத் தூக்கி அம்மாளிடம் காட்டினேன். "கறி இல்லீங்கம்மா. வஜ்ஜிரமுங்க. ஆணி அடிக்கக் கூடாதுன்னீங்க, அதான் ஒட்டறேன். பாருங்க, ஒரு ஆணி இல்லை."

அவள் எட்டிப் பார்த்தாள். தரையில் கிடந்த கதவைப் பார்த்தாள், சாமி படத்துச் சட்டங்களைப் பார்த்தாள். கொஞ்சம் தணிவாள் என்று நினைத்தேன். தணியவில்லை.

"வஜ்ஜிரம்னா தோலோன்னோ! மாட்டுத் தோல்! அதை அடுப்புல ஏத்தி... ராம ராமா! மாமிசத்துக்கும் இதுக்கும் என்னடி பேதம்?"

இப்போது எனக்குப் போக வழியில்லை. கறி சமைத்தேன் என்றாலும் வீடு போகும், சமைக்கவில்லை என்றாலும் வீடு போகும். எப்படியும் போகப்போகிற வீட்டுக்கு எதற்கு மரியாதை என்று வாய் திறந்துகொண்டது.

"மாடியில உங்க பெருமாள் இருக்காருங்களே, அந்த மர மண்டபம், கதவு தொறந்திருக்கறப்ப படியில இருந்து பார்த்திருக்கேன். கருங்காலி மரத்துல யானையும் கொடியுமா வெள்ளைத் தந்தம் பதிச்சிருக்குது. அதுல ஆணி அடிச்சா தந்தம் ரெண்டாப் பொளந்திருமுங்க. இதே வஜ்ஜிரத்தைக் காய்ச்சித்தான் ஒட்டியிருப்பாங்க. உங்க பெருமாள் இத்தனை வருஷமா அதுக்குள்ளதான் உக்காந்திருக்காரு. அவரு எந்திரிச்சுப் போயிரலையே!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. கணவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தார், அதற்கு வஜ்ஜிரம்கூடத் தேவைப்படவில்லை. முடிந்தது, சாயங்காலம் குண்டலுபேட்டை பஸ் என்று மனசுக்குள் பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்தேன். அழுகை வந்துவிட்டது. அந்த அழுகையும் வீட்டுக்காக இல்லை, ஒட்டாமல் நின்ற மீதி இரண்டு கதவுக்காக.

அம்மாள் மூக்கிலிருந்து தலைப்பை எடுத்தாள். குனிந்து, ஒட்டி முடித்த கதவில் இருந்த தங்கச் சட்டத்தை விரல் நுனியால் அசைத்துப் பார்த்தாள். அது அசையவில்லை.

"இது ஆறிட்டா ஒட்டாதோ?"

"ஒட்டாதுங்க."

"கோயிலாழ்வார்ல..." என்றாள். பெருமாள் மண்டபத்தை அவர்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். "கோயிலாழ்வார்ல இடது பக்கத்து யானை பேந்து விழுந்து ஆறு மாசமாறது. ஆசாரியை உள்ளே விட மனசு வரலை. தசராவுக்குள்ள சரி பண்ணலைன்னா நன்னாருக்காது." பானையைக் காட்டினாள். "குளிச்சுட்டு, அதை எடுத்துண்டு மாடிக்கு வா."

"குளிச்சுட்டு வர்றதுக்குள்ள ஆறிருமுங்களே."

அவள் என் சாம்பல் கையைப் பார்த்தாள், அழுக்குப் புடவையைப் பார்த்தாள், ஆவி அடங்கிக்கொண்டிருந்த பானையைப் பார்த்தாள்.

"சரி. அப்படியே வா."