டிரம்முக்குப் போட்ட பூட்டு

பெட்ரோல் பங்கில் டீசல் வாடை மூக்கில் ஏறினால், உத்திரமேரூர் அருகே இன்று வீட்டு மனைகளாகிவிட்ட எங்கள் நிலத்தில் இருந்த கிணற்றுக் கொட்டகை நினைவுக்கு வரும். பல வருடங்களாகச் செங்கல் மேல் நின்றிருந்த தாத்தாவின் பெட்ரோல் காரும், அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவான கிணற்று இஞ்சினுக்கு வாங்கிய டீசல் டிரம்மும் அங்கேதான் இருந்தன. பெட்ரோல் கட்டுபடியாகாதென்று அப்பா அந்தக் காருக்கு டீசல் இஞ்சின் மாட்டி ஓட்டத் தொடங்கிய வாரமே, பெரியப்பா டிரம் மூடிக்குப் பூட்டுப் போட்டார். காலையில் திறந்து, வேப்பங்குச்சியை விட்டு அளவு பார்ப்பார்; பிறகு காரைச் சுற்றி வந்து முகர்வார்.

"கெணத்து இஞ்சின் குடிக்கிறதத்தான இதுவும் குடிக்குது?" என்பார்.

"நல்லா மோந்து பாருண்ணா, சென்ட்டு போட்டு வச்சிக்கீறேன்" என்பார் அப்பா.

கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் பெரியப்பா சாவியோடு காஞ்சிபுரத்துக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். வயல் வெடிக்கத் தொடங்கியது. அப்பா கார் டேங்கில் ரப்பர் குழாயை விட்டு, வாயால் உறிஞ்சி டீசலை இறக்கி, கிணற்று இஞ்சினில் ஊற்றி, இருவர் வயலுக்கும் தண்ணீர் பாய்ச்சினார்.

திரும்பி வந்த பெரியப்பா, நனைந்திருந்த தன் வயலைப் பார்த்தார். கொட்டகைக்குள் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் கேட்டார்:

"இன்னாடா, இன்னொரு சாவி வச்சிக்கினு கீறியா?"