மேடத்தை மதிப்பிட வந்த நாள்

லிப்ட்காரர் ஓய்வு பெற்று எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் அந்தக் குடியிருப்பில் யாருக்கும் அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. நின்றுபோன லிப்டுகளை ஓட வைப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவர் என்பதால் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டுவிட்டது. அவர் மனைவியை எல்லாரும் மேடம் என்றார்கள். ஒரு பெரிய ஓட்டலின் வரவேற்பு மேசைக்குப் பின்னால் காலமெல்லாம் நின்றவள் அவள். நின்றவள் என்றுதான் சொல்ல வேண்டும், அங்கே உட்கார நாற்காலி போட மாட்டார்கள். அறை சரியில்லை என்று எகிறிக் குதித்துக்கொண்டு வருகிற ஆளைச் சிரிக்க வைத்து அதே அறைக்குத் திருப்பி அனுப்புவதில் அவளை அடிக்க ஆள் கிடையாது.

அந்த ஓட்டல் லிப்ட் அடிக்கடி மக்கர் பண்ணும். பழுது பார்க்க வந்துபோன வாலிபன்தான் இவர். அது தானாகக் கெட்டதா, இவர் கெடுத்து வைத்துவிட்டுப் போய் மறுபடி வந்தாரா என்பதை மேடம் கல்யாணத்துக்குப் பிறகும் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். அவர் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. இனிமேல் ஒப்புக்கொண்டாலும் கேட்டு ரசிக்க அவளால் முடியாது.

மேடத்துக்கு மறதி நோய். முதலில் சாவியை எங்கே வைத்தோம் என்பது மறந்தது. பிறகு சாவி எதற்கு என்பதே மறந்தது. குளிக்க வைக்க, உடை மாற்ற, ஒரு வாய் சாப்பிட வைக்க என்று எல்லாவற்றுக்கும் லிப்ட்காரர்தான். அவருக்கோ வேலைக் காலத்தில் பிசகிய இடது தோள், கை தலைக்கு மேல் எழும்பாது. ஒருநாள் குளியலறையில் அவள் வழுக்க, இவர் தாங்கப் போக, இரண்டு பேருமாக விழுந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் கேட்டு வந்து தூக்கும்வரை ஈரத் தரையிலேயே கிடந்தார்கள். அவ்வளவு நேரமும் மேடம் அவர் கன்னத்தைத் தடவி, "மன்னிக்கணும் சார், இப்ப ஆள் வந்துடுவாங்க, பதட்டப்படாதீங்க" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் அந்த வட்டாரத்து முதியோர் சேவை மையம் கை கொடுத்தது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல மையம். தினமும் காலையில் உதவிக்கு ஒரு பெண் வந்து மேடத்தைக் குளிப்பாட்டி உடுத்திவிடுவாள். சில நாள் வேன் வந்து அழைத்துப் போகும். அங்கே பாட்டு, உடற்பயிற்சி, மதியச் சாப்பாடு, பேச்சுத்துணை எல்லாம் உண்டு. வேன் போனதும் லிப்ட்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே படுத்துத் தூங்குவார்.

ஆனால் இதெல்லாம் தற்காலிக ஏற்பாடு. அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து மேடத்தை நேரில் பார்த்துத் தேவைதான் என்று மதிப்பிட்டால்தான் உதவி நீடிக்கும். இல்லையென்றால் காலையில் பெண்ணும் வரமாட்டாள், வேனும் வராது. அப்புறம் ஊரின் மறுகோடியில் இருக்கிற முதியோர் இல்லத்தில் அவளை விடுவதைத் தவிர வேறு வழியில்லை. அங்கே கணவனும் பார்வையாளர் நேரத்தில்தான் பார்க்க முடியும்.

வேனுக்காகக் காத்திருக்கும் இடத்தில் ஒரு தையல்காரம்மா பழக்கம். அவள் கணவனும் அதே நோய்க்காரர்தான்.

"அதிகாரி வர்ற அன்னிக்கு வீட்டைக் கூட்டாதீங்க. மேடத்துக்குத் தலை வாரி விடாதீங்க" என்றாள் அவள். "எங்க வீட்டுக்காரர் என்ன பண்ணாரு தெரியுமா? நல்ல சட்டையப் போட்டுக்கிட்டு உக்காந்து அதிகாரிகிட்ட ஒரே அரசியல் பேச்சு. பாதி உதவிய நிறுத்திட்டாங்க. மறுபடி வாங்குறதுக்குள்ள எனக்கு நாக்குத் தள்ளிடுச்சு."

லிப்ட்காரர் பலமாகத் தலையாட்டினார். ஆட்டி என்ன செய்ய? ஆய்வுக்கு ஆள் வருகிறான் என்றால் முதல் நாளே எண்ணெய் போட்டு, துடைத்து, ஒரு கிறீச்சுகூட இல்லாமல் ஓட்டிக் காட்டிப் பழகிய மனிதர். கோளாறை மறைப்பது அவர் ரத்தத்தில் ஊறியது. தவிர, வெளியாள் முன்னால் தலைவிரி கோலமாக மேடத்தை உட்கார வைக்க அவருக்கு மனசு வரவில்லை. உதவிக்கு வரும் பெண் கிளம்பிய பிறகு அவரே சீப்பை எடுத்து, வலக்கையாலேயே மெதுவாக வாரி, பின்னலும் போட்டுவிட்டார். தரையையும் துடைத்தார்.

வந்த அதிகாரி சின்ன வயசுக்காரர், பணிவானவர். அவர் வாசலில் தலை காட்டியதுதான் தாமதம், மேடம் எழுந்து நின்றாள். கூன் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"வாங்க சார், வாங்க. பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துதா?"

அதிகாரி ஒரு நிமிடம் திருதிருவென விழித்துவிட்டு உட்கார்ந்தார். "காலையில என்னம்மா சாப்பிட்டீங்க?"

"என்னை விடுங்க. நீங்க சாப்பிட்டீங்களா? முகமே வாடியிருக்கே."

"இன்னிக்கு என்ன கிழமைன்னு சொல்லுங்க பாப்போம்."

"வேலைக்குப் போற உங்களுக்குத்தான் சார் கிழமை. எனக்கு எல்லாமே லீவு."

"குளிக்கிறது, பாத்ரூம் போறதெல்லாம் நீங்களே..."

"ஒரு பொம்பளகிட்ட கேக்குற கேள்வியா சார் இது?"

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். வெட்கத்தைவிட்டுச் சொன்னால், லிப்ட்காரரும் சிரித்தார். ஒரு கேள்விக்கும் அவள் பதில் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த மேசைக்குப் பின்னால் நின்ற பெண் இத்தனை நாள் கழித்துத் திரும்பி வந்திருக்கிறாள். வந்த காரியத்தையே மறந்து அவளைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார் அந்த அப்பாவி மனிதர்.

"சார், அம்மா இவ்வளவு தெளிவா இருக்காங்களே" என்று அதிகாரி அவர் பக்கம் திரும்பினார். "தினமும் ஆள் அனுப்பணுமான்னு யோசிக்க வேண்டியிருக்கு. ரொம்ப முடியாதவங்க நிறைய பேர் வரிசையில காத்துக்கிட்டிருக்காங்க."

லிப்ட்காரர் சட்டென்று வாசல் பக்கம் கை காட்டினார். "தம்பி, ஒரு நிமிஷம் வெளிய வர்றீங்களா? தனியா பேசணும்."

"மன்னிக்கணும் சார். அவங்களைப் பத்தி அவங்க முன்னாடிதான் பேசணும். அவங்களுக்குத் தெரியாம பேசினா அது அவங்களுக்கு மரியாதை இல்ல. எங்க விதி அப்படி."

மரியாதையாம்! அந்த விதியை உட்கார்ந்து யோசித்த மகானை ஒரே ஒருநாள் அந்தக் குளியலறை வாசலில் நிற்க வைக்க வேண்டும்.

லிப்ட்காரர் கையைப் பிசைந்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அவ இன்னும் சாப்பிடல தம்பி. ரெண்டு வாய் ஊட்டினேன், துப்பிட்டா. நீங்க யாருன்னு அவளுக்குத் தெரியாது. நான் யாருன்னே பாதி நாள் தெரியல. கக்கூஸ் எங்கன்னு தெரியாம துணி அலமாரியில போயிடுறா. இப்பவும் உள்ள டயப்பர்தான் கட்டியிருக்கு. அதையும் பிச்சு எடுத்துச் சுவத்துல பூசிடுறா. நான்தான் கழுவுறேன். கழுவும்போது என்னைக் கடிக்கிறா. என்னால தூக்க முடியல தம்பி, தோள்ல தெம்பில்ல. நிறுத்திடாதீங்க."

ஆரம்பித்தவரால் அடக்க முடியவில்லை. சட்டைக் கையைச் சுருட்டிக் கடித்த தடத்தையும் காட்டிவிட்டார். அப்புறம்தான் நிமிர்ந்தார்.

மேடம் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். சிரிப்பு இல்லை. அவரை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மறதி என்பது மருந்துக்குக்கூட இல்லை.

"என்னங்க..." என்றாள் தணிந்த குரலில். "வெளியாள் முன்னாடியா?"

அவரை அவள் 'என்னங்க' என்று கூப்பிட்டு எவ்வளவோ காலமாயிற்று. கூப்பிட்டவள் பின்னலை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டு உள்ளறைக்குப் போய்ச் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டாள். அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க சொன்னது நல்லதாப் போச்சு சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உதவி கிடைத்தது. கேட்டதற்கு மேலேயே கிடைத்தது. காலையில் மட்டும் வந்த பெண் மாலையிலும் வந்தாள், வேனும் கூடுதல் நாள் வந்தது. "ஜெயிச்சுட்டீங்களே!" என்று தையல்காரம்மா சந்தோஷப்பட்டாள். லிப்ட்காரர் பல்லைக் காட்டிவைத்தார்.

அதிகாரி வந்துபோனது அன்று மாலைக்குள்ளேயே மேடத்துக்கு மறந்துவிட்டது. அப்பாடா, தப்பித்தோம் என்றுதான் இவர் நினைத்தார். சாப்பாட்டுத் தட்டோடு பக்கத்தில் போனார். அவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். மறுநாளும் அப்படித்தான். கடித்த நாளிலெல்லாம் யாரோ தெரியாத ஆள் என்று பயந்து கடித்தாள், பிறகு அதே கையைப் பிடித்துக்கொண்டு தூங்கியும் போனாள். இப்போது பயப்படவில்லை, கடிக்கவில்லை. அவர் அறைக்குள் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இரண்டு கையாலும் மடியை மறைத்துக்கொண்டாள். அவர் போகும்வரை வாயைத் திறக்க மாட்டாள், சோற்றுக்கும்கூட.

வாரங்கள் போனால் சரியாகும் என்று காத்திருந்தார். ஆகவில்லை.

ஒருநாள் மாலை உதவிக்கு வரும் பெண் ஊட்டிக்கொண்டே கேட்டாள். "ஏம்மா, ஐயா உங்களை என்ன பண்ணாரு? ஏன் அவர் மேல இவ்வளவு கோபம்?"

கதவுக்கு வெளியே நின்ற லிப்ட்காரர் காதைக் கதவோடு ஒட்டி வைத்தார். உள்ளே மேடம் வாயிலிருந்த சோற்றை மென்று விழுங்கினாள்.

"தெரியலயே" என்றாள். "என்னமோ பண்ணிட்டாரு. அந்த ஆளு இருந்தா எனக்கு அவமானமா இருக்கு. வரச் சொல்லாதீங்க."

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் காலித் தட்டோடு வெளியே வந்தாள். "முழுசா சாப்பிட்டாங்கய்யா" என்றாள் அவர் முகத்தைப் பார்க்காமல். "இப்ப உள்ள போகாதீங்க. தூங்கட்டும், அப்புறமாப் போய்ப் பாத்துக்குங்க."

லிப்ட்காரர் சரியென்று தலையாட்டிவிட்டு, வாசல் கதவைத் திறந்துகொண்டு போய் மாடிப்படியில் உட்கார்ந்தார்.