லேமினேஷன் போட்ட டிசி

கவுன்ட்டர்ல ஃபைலைத் திறந்து டிசியை வெளிய எடுத்தப்பதான் பார்த்தேன். பளபளன்னு லேமினேஷன்!

சமுதாயக் கல்லூரியில மீன் வளர்ப்பு ஒரு வருஷம் முடிச்சுட்டு, பல்கலைக்கழகத்துல வனவிலங்கு உயிரியல் ரெண்டாம் வருஷத்துக்கு மாற வந்திருந்தேன். எங்க மணமேல்குடிப் பக்கம் வலையில சிக்குன கடல்பசுவை ஒருதடவை உசுரோட அவுத்துவிட்டாங்க. அது மூச்சு விட்ட சத்தத்தைக் கிட்ட நின்னு கேட்டதுலேர்ந்து வேற படிப்பு மேல மனசு போகல. அன்னைக்கு அஞ்சு மணியோட சேர்க்கை முடியுது. பழைய காலேஜ்ல என் பேரை அடிச்சாச்சு. இதுவும் போனா அங்கிட்டும் இல்ல, இங்கிட்டும் இல்ல.

"இதுல எப்படிம்மா சீல் வைக்கிறது? டூப்ளிகேட் வாங்கிட்டு வா"ன்னாங்க கிளார்க் அம்மா. அப்ப மணி மூணு. பழைய காலேஜ் இருக்குற புதுக்கோட்டைக்குப் போகவே ராத்திரி ஆயிரும்.

பக்கத்துல நின்ன அப்பா மெதுவா சொன்னாரு. "கடக்காத்துக்கு பேப்பர் நமத்துப் போயிரும்ல ஆத்தா. அதான், காலையில பஸ் ஸ்டாண்டுல நீ டீ குடிக்கையில..."

எனக்கு எப்பவுமே கோவம் மூக்கு மேல. "ஒன்ன யாருப்பா போடச் சொன்னா? அஞ்சாங்கிளாஸ் தாண்டாத ஆளுக்கு எதுக்கு இந்த வேலை?"ன்னு கத்திட்டேன். வரிசையில நின்னவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க.

கிளார்க் அம்மாவுக்கே பாவமா இருந்துச்சு போல. "பிரின்சிபால் கையெழுத்தும் சீலும் கிழியாம பேப்பரை வெளிய எடுத்துட்டு வா, பார்ப்போம்"னாங்க.

கேட்டுக்கு எதிர்த்தாப்ல இருந்த ஜெராக்ஸ் கடைக்கு ஓடுனோம். "கிழிஞ்சா என்னையச் சொல்லக் கூடாது"ன்னு கடைக்கார அக்கா முதல்லயே சொல்லிருச்சு. மேல துணியப் போட்டு அயன் பாக்ஸை லேசா வச்சு எடுத்து, ஓரத்துல பிளேடால கீறுச்சு. அப்பா ஒரு முனையைப் பிடிக்கக் கையை நீட்டுனாரு. தட்டிவிட்டேன். "தள்ளிப் போப்பா. இனிமே என் பேப்பரைத் தொடாத." அவரு ரோட்டோரம் வெயில்ல போய் நின்னுக்கிட்டாரு.

அரை அரை அங்குலமா உரிஞ்சு வந்துச்சு. கீழ் ஓரத்துல ஒரு துண்டு பேப்பர் பிளாஸ்டிக்கோட போயிருச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு. "கையெழுத்து இருக்குடி, மூச்ச விடு"ன்னுச்சு அக்கா.

திரும்ப கவுன்ட்டருக்கு வந்தப்ப நாலே முக்கால். கிளார்க் அம்மா டிசியை உள்ள கொண்டுபோய் அதிகாரிகிட்ட காட்டிட்டு வந்து, சீலைக் குத்துனாங்க. "அப்பா கையெழுத்து போடணும்"னு சேர்க்கை ஃபாரத்தை நீட்டுனாங்க.

தூரமா நின்ன அவரைக் கூப்பிட்டேன். வேட்டியில ரெண்டு கையையும் தொடச்சுக்கிட்டு வந்தாரு. பேனாவை மட்டும் வாங்குனாரு.

"பேப்பரை நீயே பிடிச்சுக்க ஆத்தா. நான் தொடல."

ஃபாரத்தை ரெண்டு கையாலயும் அழுத்திப் பிடிச்சேன். அவரு தன் பேரை எழுத்தெழுத்தா எழுதி முடிக்கிற வரைக்கும் என்னால தலை நிமிர்ந்து அவரு மூஞ்சியப் பார்க்க முடியல.