மங்குகளில் குடியிருந்த இமோரிகள்

“இமோரிகளின் தோலைக் குணப்படுத்து.” மலாய் மொழியில் எழுதிய இந்த ஒற்றை வரிச் சீட்டின் மூலையில் 2603 என்று ஆண்டு போட்டிருக்கிறது. ஜப்பான் கணக்கில் 660-ஐக் கழித்தால் 1943. எழுதியவர் மலாயாவில் ரெம்பாவ் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தை நடத்திய ஜப்பானிய அதிகாரி. வாங்கிக்கொண்டவன் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸரான நான்.

இமோரி என்பது அவர் ஊரிலிருந்து தொட்டியில் கொண்டுவந்து வளர்த்த பிராணி. உருவம் பல்லி, தோல் தவளை, வயிறு குங்குமச் சிவப்பு. ஒன்றின் முதுகில் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் பூத்து, மற்றவற்றுக்கும் பரவிக்கொண்டிருந்தது. சிரங்குக்கு மருந்து போடத் தெரிந்த எனக்கு இதுவும் தெரியும் என்று அவர் நினைத்துவிட்டார். குணமானால் என் தம்பியை, போனவர்கள் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு அனுப்பமாட்டேன் என்றார். குணமாகாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை.

தொற்று நோய் என்றால் ஆளைப் பிரித்து வை என்பதுதான் நான் படித்த வைத்தியம். ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணங்களான மங்குகளைக் கழுவி, மங்குக்கு ஒன்றாக இமோரிகளை விட்டேன். தினமும் தண்ணீர் மாற்றி, கிடைப்பதற்கு அரிதான உப்பில் ஒரு சிட்டிகை போட்டேன். வாழையிலைத் துண்டால் மூடி, மங்குஸ்தான் மரத்தடி நிழலில் வரிசையாக வைத்தேன். பஞ்சு உதிரத் தொடங்கியது. தம்பி காலையில் என்னைப் பார்ப்பதற்குமுன் அவற்றைத்தான் பார்ப்பான்.

ஒரு மத்தியானம் மழை பிடித்தது. ஆஸ்பத்திரியைக் கூட்டிப் பெருக்கும் அக்கா பல வருஷம் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவர். முதல் சொட்டு விழுந்ததுமே ஓடிப்போய் எல்லா மங்குகளையும் கவிழ்த்துவிட்டு, திருப்தியாகக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“என்னக்கா செஞ்சீங்க!”

“மழை வந்தா மங்கைக் கவுக்காம, குடையா புடிக்கணும்?”

“அண்ணே, என் உயிரு புல்லுல ஊர்ந்துகிட்டிருக்கு. நீங்க நின்னு வெளக்கம் கேளுங்க லா!” என்று தம்பி அதற்குள் மண்டியிட்டிருந்தான்.

மூவரும் மழையில் தவழ்ந்து தேடினோம். அதிகம் பிடித்தது அக்காதான்; அதை அவர் பிறகு பலமுறை நினைவூட்டினார். ஒன்று மட்டும் அகப்படவில்லை.

அதிகாரி வந்து மங்கு மங்காகக் குனிந்து பார்த்தார். தோல் சுத்தமாயிருந்தது. ஒன்று எங்கே என்றார். இறந்துவிட்டது, புதைத்துவிட்டோம் என்றேன். எங்கே என்றார். வாழை மரத்தடியில் ஓர் இடத்தைக் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றி அந்த வெறும் மண்ணுக்குத் தலை வணங்கினார். நாங்களும் வணங்கினோம். எல்லாரையும்விட ஆழமாகக் குனிந்தவன் தம்பி.

அவனைச் சயாமுக்குக் கூப்பிடவே இல்லை. அதிகாரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாரா, அல்லது எங்கள் தோட்டத்தில் ஆள் எடுப்பதே அதற்குள் நின்றுவிட்டதா? அப்போது தோட்டத்துக் கணக்கெழுதும் வேலையிலிருந்த இரண்டு கிராணிகளைக் கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். இன்றுவரை இது சரிபார்க்கப்படவில்லை.