மூக்கு சிஸ்டரின் முகம்

இரண்டு மணிக்கட்டுகளையும் ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுபோய் மோந்து, பிறகு வெள்ளைக் கோட்டின் காலரை இழுத்து அதையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் சிஸ்டர் தன் அறையின் கதவைத் திறக்கிறார். லேசாக ஏதாவது ஒட்டியிருந்தால் திரும்பிப் போய்க் கை கழுவிக்கொண்டு வருவார். அவர் கழுவுவதே வாசனை இல்லாத சோப்பில். அதற்கு எதற்கு இரண்டாவது கழுவல் என்று கேட்டால், "சோப்புல இல்லைன்னா என்ன, துண்டுல இருக்கும்ல" என்பார்.

காது மூக்கு தொண்டைப் பிரிவில் தாழ்வாரத்தின் கடைசி அறை அவருடையது. ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், சத்தம் போடாத ஒரு காற்றாடி, பூட்டிய பெட்டி ஒன்று. ஜன்னலைத் திறப்பதில்லை. கீழே கேன்டீனில் எதையாவது வதக்கினால் அது நேராக மேலே வந்துவிடும். காலையில் வீட்டில் வெங்காயம் நறுக்குவது கணவரின் வேலை. காபியும் மதியச் சோதனைகள் முடிந்த பிறகுதான். சென்ட் பூசிக்கொண்டு வரும் மருந்துக் கம்பெனிக்காரர்கள் அந்தத் தாழ்வாரத்தின் முனையிலேயே நின்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

துப்புரவு அக்காவுக்கும் அவருக்கும் மட்டும் தீராத வழக்கு ஒன்று உண்டு.

"அக்கா, என் ரூமுக்கு வெறும் தண்ணி போதும்னு சொன்னேனே."

"எலுமிச்சை வாசம்தானேம்மா, நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. நீங்க துடைச்சிட்டுப் போனா வர்றவங்க எல்லாத்தையும் எலுமிச்சைன்னு சொல்றாங்களே!"

பெட்டிக்குள் இருப்பவை பேனாக்கள். எழுதாத பேனாக்கள். மூடியைக் கழற்றினால் ஒன்றில் காபி, ஒன்றில் மீன், ஒன்றில் தோல், ஒன்றில் சோப்பு என்று வாசனை வரும். மூக்குக்குள் சதை வளர்ந்து, சைனஸ் அடைத்து, வாசனை என்பதையே தொலைத்துவிட்டவர்களுக்காக அங்கே ஒரு புது ஊசியைச் சோதித்துப் பார்க்கிறார்கள். "உடம்புக்குள்ள அலர்ஜி ஓயாம புகைஞ்சுக்கிட்டே இருக்கு. அதுலதான் உள்ள வீங்கிச் சதை வளருது. அந்தப் புகைச்சலை இந்த ஊசி அணைக்குதான்னு பாக்கறோம்" என்று பெரிய டாக்டரம்மா வருகிறவர்களிடம் விளக்குவார். பாதிப்பேருக்கு நிஜ மருந்து, மீதிப்பேருக்கு உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று ஊசி போட்டுக்கொள்கிறவருக்கும் தெரியாது, போடுகிறவருக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கே தெரியாது. இதை முதலிலேயே சொல்லிச் சம்மதம் வாங்கித்தான் சேர்க்கிறார்கள்.

வாசனை திரும்புகிறதா என்று பார்ப்பது சிஸ்டரின் வேலை. பேனாவை மூக்குக்குக் கீழே பிடிப்பார், நான்கு பெயர்களைப் படிப்பார். வந்தவர் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொன்னது சரியா தப்பா என்று அவர் முகம் காட்டிவிட்டால் சோதனை கெட்டுப்போகும். அதனால் சிஸ்டர் வேலையில் சேர்ந்த புதிதில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து முகத்தைப் பழக்கினார். புருவம் அசையாது, உதடு அசையாது, குரல் ஏறாது இறங்காது. மீனைச் சோப்பு என்றாலும் "அடுத்தது", மீனை மீன் என்றாலும் "அடுத்தது".

"சரியா சிஸ்டர்? அதை மட்டும் சொல்லிடுங்களேன்" என்று கெஞ்சாதவர் இல்லை. எல்லோருக்கும் அதே "அடுத்தது"தான்.

வீட்டிலும் இது ஒட்டிக்கொண்டது. மகள் புது உடை போட்டுக்கொண்டு வந்து நிற்பாள். அம்மா வாயைத் திறப்பதற்குள் அவளே, "தெரியும், அடுத்தது!" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிடுவாள். சிஸ்டருக்கு அதில் உள்ளூரப் பெருமை. "என் முகத்தைப் பாத்து யாரும் ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது" என்று டீ நேரத்தில் மற்ற நர்சுகளிடம் சொல்லிக்கொள்வார். அடக்கமானவர்தான், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தலைக்கனம்.

அந்தத் தலைக்கனத்தை இறக்கி வைத்தவர் ஒரு கேஸ் ஃபிட்டர். தடித்த விரல்கள், எப்போதும் வாய் வழியாக மூச்சு, எதையும் சத்தமாகச் சொல்லும் பழக்கம். ஓட்டல்களுக்கும் வீடுகளுக்கும் கேஸ் குழாய் போடுகிறவர். ஒருநாள் ஓட்டல் சமையலறையில் குழாயோடு முகத்தை வைத்து வேலை செய்துகொண்டிருந்தவரை, வாசலில் நின்ற சமையல்காரர் ஓடிவந்து இழுத்திருக்கிறார். "இவ்வளவு நாத்தம் அடிக்குதே, உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டாராம். தெரியவில்லை. கம்பெனி அவரைக் கிடங்கில், மற்றவர்களுக்குச் சாமான் எடுத்துக் கொடுக்கும் இடத்தில் உட்கார வைத்துவிட்டது.

"கேஸ் பாக்கறதுக்கு மெஷின் இருக்கு சிஸ்டர். ஆனா, மெஷினை எடுடான்னு சொல்றதே மூக்குதானே" என்றார் முதல் நாள். சொல்லிவிட்டு ஆரஞ்சை மீன் என்றார், மீனைப் புல் என்றார், காபிக்கு உதட்டைப் பிதுக்கினார்.

ஊசி போடப் போட நிலைமை மாறியது. வரும்போதெல்லாம் முன்பைவிடச் சில பேனாக்களை அதிகமாகச் சரியாகச் சொன்னார். "லேசா வருது சிஸ்டர். பக்கத்து வீட்ல யாரோ பேசற மாதிரி. என்ன பேசறாங்கன்னு தெரியாது, ஆனா பேசறாங்க" என்றார். சிஸ்டருக்கு உள்ளே குளிர்ந்தது. முகத்தில் காட்டவில்லை. கடைசியில் ஒருநாள் அவர் வாசலில் இருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். "வர்ற திங்கக்கிழமைலருந்து மறுபடி குழாய் லைனுக்குப் போறேன் சிஸ்டர்! கம்பெனியில சரின்னுட்டாங்க. இன்னிக்கு ஒரு தடவை மோந்து காட்டிட்டுப் போயிடறேன்."

அன்று சிஸ்டருக்குத்தான் ஜலதோஷம். ஆஸ்பத்திரி விதிப்படி முகக்கவசம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஃபிட்டர் முதல் பேனாவில் தடுமாறினார். இரண்டாவதில் சிஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஏதோ ஒன்றைச் சொன்னார். காபியைச் சோப்பு என்றார். போன தடவை பளிச்சென்று சொன்ன மீன்கூட இந்தத் தடவை தோலாகிவிட்டது. பாதியில் அவருக்கு நெற்றி வியர்த்துவிட்டது. சத்தம் இறங்கி, "மறுபடியும் போயிடுச்சா சிஸ்டர்?" என்று கேட்டார்.

"அடுத்தது" என்றார் சிஸ்டர்.

டாக்டரம்மா குழாய்க் கேமராவை விட்டுப் பார்த்தார். சதை போன தடவை இருந்த அளவேதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "ஒருநாள் அப்படித்தான் இருக்கும், அடுத்த தடவை பாப்போம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். சிஸ்டருக்கு மட்டும் மனது ஆறவில்லை. அதே அறை, அதே பேனாக்கள், அதே மூக்கு. அன்று புதிதாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது தன் முகத்தில் இருந்தது.

வீட்டுக்குப் போனதும் கவசத்தைக் கழற்றிவிட்டுக் கணவரைச் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார வைத்தார். மகளின் ஸ்கெட்ச் பேனா ஒன்றை எடுத்துக்கொண்டார். "நான் மனசுக்குள்ள ஒரு வாசனையை நினைச்சுக்கறேன். நாலு வாசனைப் பேரு சொல்வேன். எதை நினைச்சேன்னு சொல்லுங்க."

கணவர் சொன்னார். சிஸ்டர் இன்னொன்று கேட்டார், அதையும் சொன்னார். மறுபடி, மறுபடி, எல்லாம் சரி.

"எப்படிங்க?"

"இதுல என்ன இருக்கு? சரியான பேரு வந்ததும் உன் மூக்கு லேசா விரியுது. நீயே மோந்து பாக்கற மாதிரி."

"எனக்கா?"

"கல்யாணமான நாள்லருந்து பாக்கறேனே. எங்க அம்மாவை 'வாங்க வாங்க'ன்னு கூப்பிடறப்போகூட அது விரியும். அது வேற மாதிரி விரியறது."

"இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க!"

"சொன்னா அதையும் கண்ணாடி முன்னாடி உக்காந்து பழக்கிடுவியே. அப்புறம் உன் மனசுல என்ன இருக்குன்னு நான் எதை வச்சுத் தெரிஞ்சுக்கறது?"

வேறொரு நாளாக இருந்தால் சிஸ்டர் சிரித்திருப்பார். அன்று பேனாவை மூடக்கூட மறந்துபோய் உட்கார்ந்திருந்தார். புருவத்தைக் கட்டினார், உதட்டைக் கட்டினார், நடுவில் இருந்த மூக்கை மறந்துவிட்டார். ஊரார் மூக்கையெல்லாம் சோதிக்கிறவருக்குத் தன் மூக்கு செய்கிற வேலை தெரியவில்லை. ஃபிட்டர் இத்தனை நாளும் பேனாவை மோக்கவில்லை, சிஸ்டரின் முகத்தைப் படித்திருக்கிறார். அந்த நம்பிக்கையில் திங்கட்கிழமை குழாய்க்குப் பக்கத்தில் போய் உட்காரப்போகிறார்.

மறுநாள் காலை டாக்டரம்மாவிடம் போய் நின்று நடந்ததைச் சொன்னார். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"மத்த பேஷண்டுக்கும் இப்படி ஆகியிருக்குமா?"

"தெரியலை டாக்டர். ஆகியிருக்கலாம்."

"சதை கொஞ்சமாத்தான் சுருங்கியிருக்கு, வாசனை மட்டும் இப்படி ஏறுதேன்னு எனக்கும் ஒரு உறுத்தல் இருந்துச்சு. சரி. மேல சொல்லித்தான் ஆகணும். இதுவரைக்கும் எடுத்ததை ஒதுக்கி வச்சிட்டு, எல்லாருக்கும் திரும்ப எடுக்கலாம்."

அவ்வளவுதான். நன்றாக நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடச் சிஸ்டருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஃபிட்டரைப் போன் செய்து வரவழைத்தார்கள். கிடங்கிலிருந்து திருப்பி வாங்கிய தன் பழைய கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். சிஸ்டர் சொல்லச் சொல்ல, பையை மெல்ல இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப, இத்தனை நாள் நான் மோந்தது உங்க மூக்காலயா?"

"நீங்க வேணும்னு செய்யலைங்க. உங்களுக்கே தெரியாம நடந்திருக்கு. தப்பு என்னுதுதான்."

"எனக்கு வந்துச்சு சிஸ்டர். நிஜமாவே வந்துச்சு."

"திங்கக்கிழமை லைனுக்குப் போகாதீங்க. கம்பெனிகிட்ட டாக்டரே பேசறேன்னு சொல்லியிருக்காங்க."

"வீட்ல சொல்லிட்டேனே" என்றார் அவர். அன்றைவிட மெதுவான குரல். அடுத்தது என்று சொல்ல முடியாத இடம் அது.

அதற்குப் பிறகும் அவர் ஊசிக்குத் தவறாமல் வந்தார். கிடங்கில்தான் இருந்தார். தாழ்வாரத்தில் துப்புரவு அக்காவிடம் நின்று பேசுவார், அக்காவின் மகன் படிப்பைக்கூட விசாரிப்பார். சிஸ்டரைக் கண்டால் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவார். சிஸ்டர் அதை எதிர்பார்த்துத்தான் இருந்தார். ஆனாலும் வலித்தது.

இப்போது அந்த அறையில் ஒரு திரை இருக்கிறது. வார்டில் படுக்கைகளுக்கு நடுவே இழுக்கும் பச்சைத் துணித்திரை, சக்கரம் வைத்தது. வந்த புதிதில் அதில் சலவைத்தூள் வாசம் அடித்தது என்று சிஸ்டரே வீட்டுக்கு எடுத்துப்போய், வாசம் போகும்வரை வெறும் தண்ணீரில் அலசி அலசிக் கொண்டுவந்தார். நடுவே ஒரு கை நுழையும் அளவுக்குப் பிளவு. பெயர்களைச் சிஸ்டர் படிப்பதில்லை. ஒவ்வொரு பேனாவுக்கும் நான்கு பெயர்கள் எழுதிய அட்டை வந்தவர் கையிலேயே இருக்கும். திரையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை பேனாவோடு வரும், போகும். "அடுத்தது" என்று ஒரு குரல் கேட்கும்.

திரை வந்த பிறகு ஃபிட்டர் முதலில் எடுத்த சோதனை படுமோசம். அதற்கு அடுத்ததும் அப்படித்தான். கேட்டதற்கெல்லாம் "தெரியலை" என்றார். சும்மாவாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் அட்டையில் இருக்கும் முதல் பெயரைச் சொன்னார். அவருக்கு ஏறுவது மருந்தா உப்புத் தண்ணீரா என்று யாருக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. மழை முடிந்து வெயில் வந்தது. அவர் வாயை மூடிக்கொண்டு மூச்சு விடுவதை ஒருநாள் துப்புரவு அக்காதான் கவனித்துச் சொன்னார். சிஸ்டர் கேட்டுக்கொண்டாரே தவிர, எதையும் நம்ப அவருக்கு இப்போது பயம்.

போன வாரம் வந்தபோதும் வழக்கம்போல் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார். திரைப் பிளவின் வழியே சிஸ்டரின் கை பேனாவோடு போயிற்று. அந்தப் பக்கம் அவர் மூச்சை இழுத்து மோப்பது மட்டும் கேட்டது. அட்டையைத் திருப்பும் ஓசை இல்லை.

"காபி" என்றார் ஃபிட்டர்.

"அடுத்தது."

"இது... செருப்பு. புதுச் செருப்பு. இருங்க, அட்டையில செருப்பு இல்லையே. ஆங், தோல்! தோல்தான்!"

"அடுத்தது."

எலுமிச்சையை ஆரஞ்சு என்றார். மூக்கு நன்றாக இருப்பவர்களே தவறுகிற இடம் அது. அடுத்த பேனா போன மறுநொடி நாற்காலி பின்னால் நகர்ந்து கிரீச்சிட்டது.

"ஐயய்ய, மீன்! மீனேதான்! எடுங்க சிஸ்டர், எடுங்க!" சொல்லிவிட்டுச் சிரித்தார். பழைய சத்தம் திரும்பியிருந்தது. சிரித்து முடித்துவிட்டு, திரையைப் பார்த்து, பயந்துகொண்டே கேட்டார். "சரியா சிஸ்டர்?"

திரைக்கு இந்தப் பக்கம் சிஸ்டரின் புருவம் நெற்றிக்கு ஏறியிருந்தது. மூக்கு அதன் இஷ்டத்துக்கு விரிந்தது. கண் நிறைந்து, வாய் காதுவரை போய்விட்டது. சத்தம் வந்துவிடாமல் இடது கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டார். மூச்சு அடங்கும்வரை அப்படியே இருந்தார். பிறகு கையை எடுத்து, ஏறாமல் இறங்காமல் அதே குரலில் "அடுத்தது" என்று சொல்லி, அடுத்த பேனாவின் மூடியைக் கழற்றிப் பிளவு வழியே நீட்டினார்.