இக்னேஷியஸ் கீழே வைக்காத கிளட்ச்

யார் ஸ்பேனரை நீட்டினாலும் இக்னேஷியஸ் உடனே வாங்க மாட்டார். நீட்டியவன் முகத்தை ஒருமுறை பார்ப்பார். பிறகு இரண்டு விரலால் வாங்கி, இடுப்புத் துணியில் துடைத்து, ஓரமாக வைத்துவிட்டு, அதே அளவு ஸ்பேனரைத் தன் பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்வார். கொடுத்தவன் போவதா நிற்பதா என்று தெரியாமல் நிற்பான்.

விம்கோ நகருக்குப் பின்னாலுள்ள டிரெய்லர் ஷெட்டில் கேட் பாஸ் எழுதுகிற எனக்கு அவரிடம் பேசவேண்டிய தேவை வந்ததில்லை. அதில் எனக்கு நிம்மதிதான். ராயபுரத்துக்காரர். மணலியிலிருந்து காசிமேடு வரை அவர் சண்டை போட்டு வெளியேறாத ஷெட் இல்லை. இனி அவரைச் சேர்த்துக்கொள்ள ஆளில்லை. எங்கள் முதலாளி தேசப்பன் மட்டும் வேலைக்காக அவர் வாயைப் பொறுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு டிரெய்லருக்கு வாட்டர் பம்ப் மாற்ற வேண்டியிருந்தது. இக்னேஷியஸ் ஃபேன் கிளட்ச்சைக் கழற்றி, இரண்டு செங்கல்லுக்கு நடுவே நிமிர்த்தி வைத்தார். அதற்குள் கெட்டியான எண்ணெய் உண்டு. எஞ்சின் சூடேறினால் அந்த எண்ணெய்தான் விசிறியை இறுக்கிச் சுற்ற வைக்கும். படுக்கப்போட்டால் கசிந்துவிடும். புது பம்ப் வருவதற்குள் ஆயுதபூஜை வந்தது. அவர் மாத்தூரில் மகள் ஜானட் வீட்டுக்குப் போய்விட்டார். லோடு அவசரம் என்று, பூஜை முடிந்ததும் இன்னொரு மெக்கானிக் சுயம்பு எல்லாவற்றையும் பூட்டி வண்டியை அனுப்பினான்.

எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே, நகராத வரிசையில் நின்று நின்று வண்டி கொதித்தது. எஞ்சின் ஹெட் போயிற்று.

"கிளட்ச்ச கயட்னவன் நீ," என்றார் தேசப்பன், திரும்பி வந்த இக்னேஷியஸிடம். "அதுல கோளாறுன்னா நாளைலேர்ந்து இந்தப் பக்கம் வராத."

"பூட்னவன் எவன்?"

"நீ ஒயுங்கா கயட்டிருந்தா நான் ஒயுங்கா பூட்டிருப்பேன், மாமு," என்றான் சுயம்பு. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

இக்னேஷியஸ் வண்டிக்குள் குனிந்தார். விசிறியைச் சுற்றியிருந்த கவரைத் தளர்த்தினார்.

"நட்டோட மூலையெல்லாம் மய்ங்கிக் கீது. ஸ்பேனர்ல பூட்னியா, பல்லால பூட்னியா?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. புல்லி சுற்றாமல் கம்பியால் முட்டுக்கொடுத்து, பெரிய ஸ்பேனரின் பிடியில் சுத்தியலால் ஒரு அடி. நட்டு கழன்றது. ரேடியேட்டரில் ஒரு கீறல் விழாமல் விசிறியும் கிளட்ச்சும் சேர்ந்து வெளியே வந்தன. தொடையில் தாங்கிக்கொண்டு விசிறியை ஒரு விரலால் தட்டினார். உள்ளே எண்ணெய்ப் பிடிப்பே இல்லாமல் அது சுற்றிக்கொண்டே இருந்தது.

"செத்துப்போச்சு. எவன்டா இத படுக்கப்போட்டு பூஜை பண்ணது?"

"நிக்க வச்சுத்தான் பொட்டு வெச்சேன்," என்றான் சுயம்பு, தேசப்பனைப் பார்த்தபடி.

இக்னேஷியஸ் விசிறியை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்தபடியே மூலைக்குப் போனார். சாமி படங்களுக்குக் கீழே, ஆயுதபூஜைக்குச் சாமான்களை அடுக்கிய பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பிச் சாய்த்திருந்தார்கள். கால்விரலை அதன் விளிம்புக்குள் நுழைத்து இழுத்தார். பலகை புரண்டு, பூஜை செய்த பக்கம் மேலே வந்தது. காய்ந்த குங்குமத்துக்கு நடுவே, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, எண்ணெய் வட்டமாக ஊறியிருந்தது.

யாரும் எண்ணெயைப் பார்க்கவில்லை. அவர் காலைப் பார்த்தார்கள்.

"சாமி பலகைய காலாலயா?" தேசப்பனின் குரல் தாழ்ந்திருந்தது.

"கை காலியா இல்ல மொதலாளி. எண்ண தெரிதா இல்லியா, அத சொல்லு."

"பலகைய தொட்டுக் கும்புட்டு மன்னிப்புக் கேளு. அப்பால வேலைய பாரு. கிளட்ச்சப் பத்தி நான் பேசமாட்டேன்."

"கிளட்ச்சப் பத்திதான் பேசணும்."

"உங்க மாதா கோயில்ல எவனாச்சும் இந்த மாரி பண்ணா உட்ருவியா?" என்று கத்தினான் சுயம்பு.

"எங்க கோயில்ல எவனும் ஸ்பேர் பார்ட்ஸ வச்சு நாசம் பண்ணல, கஸ்மாலம்."

"வெளிய போ," என்றார் தேசப்பன்.

இக்னேஷியஸ் விசிறியை முதலாளியின் வெள்ளைச் சட்டையின் மேலேயே திணித்தார்.

"புட்ச்சிக்கோ. கீய வெக்காத."

பெட்டியை எடுத்துக்கொண்டு என் மேசையைக் கடந்து போனார். அதன் பிறகு எந்த ஷெட்டிலும் அவருக்கு வேலை கிடைத்ததாகக் கேள்விப்படவில்லை. கை நிறையப் பளுவோடு நின்ற மனிதனின் காலைக் குற்றம் சொல்லிவிட்டார்களே என்று, பல மாதம் அவருக்காக மனதுக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் சுயம்பு வேறொரு வண்டியின் கிளட்ச்சைக் கழற்றித் தரையில் படுக்கப்போட்டான். நிமிர்த்தி வைக்கச் சொன்னேன்.

"எண்ண பூரா போன சாமான்பா இது. இனிமே படுத்தா இன்னா, நின்னா இன்னா? அன்னிக்கு மாமு கட்டிப்புட்ச்சிக்கினு நின்னாரே, அதும் இப்டிதான். எங்க வோணா போட்டுட்டு கையால பலகைய திருப்பிருக்கலாம். அது அவுருக்கும் தெரியும்."